குற்றவியல் சட்டங்களும் நாடாளுமன்ற வினாக்களும் (பெரம்பலூர், அரியலூர்)

அரியலூர் மாவட்டத்துக்கெனத் தனி மக்களவைத் தொகுதி இல்லை. அரியலூர், ஜெயங்கொண்டம் சட்டமன்றத் தொகுதிகளும் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னமும் சிதம்பரம் தொகுதியில் அடங்கும். பெரம்பலூர் நகரம் பெரம்பலூர் தொகுதியில் இருக்கிறது. எனவே, குற்றவியல் சட்டம் குறித்து உள்துறை அமைச்சரிடம் இவ்வட்டாரத்தின் சார்பில் வினா எழுப்பக்கூடியவர்கள் இரு உறுப்பினர்கள். ஒருவர் அரியலூர் மாவட்டம் அங்கனூரில் பிறந்த தொல். திருமாவளவன் (சிதம்பரம்), மற்றவர் 2024-இல் வென்ற கே. என். அருண் நேரு (பெரம்பலூர்).

நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாக விடையளிப்பார். துணை வினாக்களும் தொடுக்கலாம். குறியில்லாதவற்றுக்கு எழுத்து விடை மட்டுமே. மக்களவையில் ஒரு நாளைக்கு முன்னவை 20, பின்னவை 230 வரை பட்டியலிடப்படும். உண்மையான சோதனை துணை வினாவில்தான். எழுத்து விடைகளில், காவலும் பொது ஒழுங்கும் மாநிலப் பொருள்கள் என்ற வாசகம் சலிக்குமளவுக்கு வரும். ஆனால் குற்றவியல் சட்டமும் நடைமுறையும் பொதுப் பட்டியலில் உள்ளவை. அவற்றுக்கு அந்த வாசகம் விடையாகாது.

இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று மசோதாக்களை மக்களவை 2023 டிசம்பர் 20-இல் நிறைவேற்றியது. எதிர்க்கட்சி உறுப்பினர் பலர் அப்போது இடைநீக்கத்தில் இருந்தனர்; விவாதத்துக்கு உள்துறை அமைச்சர் அமித் ஷா பதிலளித்தார். சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. மாநிலத் திருத்தங்களைப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அதே மாதம் அமைத்தது.