படநூலும் பாட இணைப்பும்: இந்தியத் தொடக்கக் கல்வியில் ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

முதல் வகுப்பில் சேரும் குழந்தையின் முன் ஒரு புத்தகம் விரிக்கப்படுகின்றது. அப்பக்கத்தில் எழுத்தும் உண்டு; படமும் உண்டு. எழுத்தைப் படிக்கச் சில திங்கள்கள் ஆகும். படத்தையோ அக்குழந்தை அன்றே படித்துவிடுகின்றது. வீட்டுமொழி ஒன்றாகவும் பள்ளிமொழி வேறொன்றாகவும் அமைந்த குழந்தைகள் இந்நாட்டில் மிகப் பலர். வீட்டில் கோண்டியோ சந்தாலியோ பேசிவிட்டு, இந்தியிலோ வங்காளத்திலோ பாடம் கேட்க வரும் குழந்தைக்கு அப்பக்கத்தில் அயன்மையில்லாத பகுதி படம் ஒன்றே. அப்படத்தைப் பற்றித் தன் மொழியில் பேச ஆசிரியர் இடமளிக்கின்றாரா, அன்றி அதன் பெயரைப் பள்ளிமொழியில் ஒப்பிக்கச் செய்து அடுத்த எழுத்துக்குச் சென்றுவிடுகின்றாரா என்பது சிறிய வினாவன்று.

தொடக்க வகுப்புகளில் மொழி, கணக்கு, சூழ்நிலையியல் ஆகியவற்றை ஒரே படநூலைக் கொண்டு இணைத்துக் கற்பிப்பது அண்மைக்காலப் புதுமுறை எனக் கருதுவாருண்டு. அதன் வேர்கள் பழையன. இந்தியாவில் படநூல் ஒரு வழியிலும் பாட இணைப்பு மற்றொரு வழியிலும் தனித்தனியே வளர்ந்தன. நெடுங்காலம் கழித்தே அவை ஒன்றையொன்று சந்தித்தன. அவ்வளர்ச்சியையும் அத்தாமதத்தின் காரணத்தையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

கொமேனியஸ் வகுத்த முன்மாதிரி

குழந்தைகளுக்கான படப் பாடநூல்களின் வரலாறு பெரும்பாலும் ஜான் ஆமோஸ் கொமேனியஸிலிருந்து (1592-1670) தொடங்கப்பெறும். மொராவியாவில் பிறந்த இக்கல்வியாளரின் ‘ஆர்பிஸ் சென்ஸுவாலியம் பிக்டஸ்’ என்னும் நூல் 1658இல் நியூரம்பர்க் நகரில் இலத்தீன், ஜெர்மன் ஆகிய இரு மொழிகளில் வெளிவந்தது. ‘புலன்களால் அறியப்படும் உலகம், படங்களில்’ என்பது இத்தலைப்பின் பொருள். அடுத்த ஆண்டே சார்லஸ் ஹூல் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

இந்நூலின் அமைப்பு ஈண்டு நோக்கத்தக்கது. தொடக்கத்தில் காகம், ஆட்டுக்குட்டி முதலியவற்றின் ஒலிகளைக் கொண்டு எழுத்துகள் அறிமுகமாகின்றன. ஆனால் அப்பகுதி ஒருசில பக்கங்களோடு முடிந்துவிடுகின்றது. அதன்பின் வரும் ஏறத்தாழ 150 பாடங்களில் ஒவ்வொன்றும் ஒரு முழுக் காட்சியைத் தலைப்பில் கொண்டுள்ளது. காட்சியில் உள்ள பொருள்களுக்கு எண்கள் இடப்பட்டுள்ளன. கீழேயுள்ள பாடத்தில் அவ்வெண்களே உரிய சொற்களின் அருகில் வருகின்றன. குழந்தை படத்திலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து படத்துக்கும் மாறிமாறிச் செல்கின்றது. உழவு, மேய்ச்சல், தேனெடுத்தல், மாவரைத்தல், ரொட்டி சுடுதல் என்னும் பாடங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இதில் மொழிப்பாடம் எது, இயற்கைப் பாடம் எது, தொழிற்பாடம் எது எனப் பிரித்துக் காட்டுதல் அரிது. படங்களைப் பார்த்து வரைந்து பழகவும் குழந்தைகளை அனுமதிக்க வேண்டும் எனக் கொமேனியஸ் முன்னுரையில் கூறுகின்றார். எனவே படம் இவரிடம் எழுத்தின் அடையாளமாக மட்டும் நிற்கவில்லை. உலகைப் பற்றிய உரையாடலின் தொடக்கமாக நிற்கின்றது.

வங்கத் தொடக்கநூல்களில் படம்

இந்திய மொழிகளில் அச்சிட்ட பள்ளிநூல்கள் பெருகிய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. இதற்கு வங்கம் நல்ல சான்று. கல்கத்தாப் பள்ளிநூற் கழகம் 1817இல் நிறுவப்பெற்றது. அக்கழகம் 1822இல் ‘பஷ்வாவலி’ என்னும் விலங்குநூல் வரிசையைத் தொடங்கியது. ஒவ்வோர் இதழிலும் ஒரு விலங்கின் மரச்செதுக்குப் படமும் அதனைப் பற்றிய செய்திகளும் இடம்பெற்றன. வாசிப்புப் பயிற்சியும் இயற்கை அறிவும் இதில் இணைந்திருந்தன. எனினும் எழுத்தறியாத குழந்தைக்கு இது உரியதன்று.

எழுத்தறிவிக்கும் நூல்களில் தலைமை பெற்றது ஈசுவரசந்திர வித்யாசாகரின் ‘வர்ணபரிசய்’ (1855). எழுத்துகளை ஒழுங்குபடுத்தியமையும், எளிய சொற்களிலிருந்து கூட்டெழுத்துச் சொற்களுக்குப் படிப்படியாகச் சென்றமையும் இதன் சிறப்பு. நல்ல பையன் கோபாலும் அடங்காத பையன் ராக்காலும் இந்நூலால் வங்க வீடுகளில் வழக்குப் பெயர்களாயினர். இதன் வலிமை ஒழுங்கிலும் அறவுரையிலும் இருந்தது, படத்தில் அன்று.

படம் எழுத்தோடு நெருங்கி உறவாடியது ஜோகீந்திரநாத் சர்க்காரின் ‘ஹாசிகுஷி’ (1897) என்னும் நூலில் எனலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சிறு பாட்டும் ஒரு படமும் அமைந்த இந்நூல் குழந்தைகளுக்குச் சிரிப்பை அளித்தது. அதே காலப்பகுதியில் உபேந்திரகிசோர் ராய் படங்களை நுண்புள்ளிகளாக மாற்றி அச்சிடும் முறையை ஆராய்ந்து செம்மைப்படுத்தினார். 1913இல் அவர் தொடங்கிய ‘சந்தேஷ்’ சிறுவர் இதழ் அத்திறனின் பயனைக் குழந்தைகளிடம் சேர்த்தது.

ஆயினும் ஒரு வரம்பு எஞ்சி நின்றது. எழுத்துநூலில் படம் எழுத்துக்கு ஏவல் செய்தது. ஓர் எழுத்து, அதில் தொடங்கும் ஒரு சொல், அச்சொல்லின் படம் என்னும் இம்முறையில் பெயரைச் சொன்னவுடன் படத்தின் பணி முடிந்துவிடும். அடுத்தடுத்து நிற்கும் இரு படங்களுக்கு இடையே அகரவரிசையைத் தவிர வேறு தொடர்பு இராது. இத்தகைய படத்தைக் கொண்டு ஒரு கதையையோ கணக்கையோ வளர்த்தல் இயலாது.

சகஜ பாட்

இவ்வரம்பைக் கடந்த நூல் இரவீந்திரநாத் தாகூரின் ‘சகஜ பாட்’. இதன் முதலிரு பாகங்கள் 1930இல் வெளிவந்தன. படங்களை வரைந்தவர் நந்தலால் போஸ். இந்நூலில் எழுத்துகளே உயிர் பெற்று வேலை செய்கின்றன; உட்கார்ந்து உண்கின்றன. கறுப்பு வெள்ளையில் திண்ணிய வடிவங்களாக அமைந்த படங்கள் பெயரட்டைகளாக இல்லாமல் நிகழ்ச்சிகளாக உள்ளன. தேசத்தின் முதன்மை ஓவியருள் ஒருவர் எழுத்துநூலுக்குப் படம் வரைய முன்வந்தமையே படத்துக்கு அளிக்கப்பெற்ற மதிப்பைக் காட்டும்.

இந்நூலில் வரும் சந்தைப் பாடல் தனியே குறிக்கத்தக்கது. குயவர் தெருவிலிருந்து மாட்டுவண்டி ஒன்று பானைகளை ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றது. பத்மா ஆற்றங்கரையில் வெள்ளிக்கிழமைச் சந்தை. காய்கறியும் கடுகும் குளிர்காலப் போர்வைகளும் வந்து குவிகின்றன. வழியில் கண்பார்வையற்ற ஒருவர் பாடி இரந்து நிற்கின்றார். இக்காட்சியை வகுப்பில் விரித்தால் கிழமைகளின் சுழற்சி வருகின்றது. பானைகளின் எண்ணிக்கையும் விலையும் வருகின்றன. களிமண் எங்கிருந்து கிடைக்கின்றது, ஆற்றங்கரையில் ஊர் அமைவது ஏன் என்னும் வினாக்கள் எழுகின்றன. பாடியிரக்கும் மனிதரைப் பற்றிக் குழந்தை கேட்கும் வினா எந்தப் பாடத்துக்கு உரியது எனக் கூறுதல் இயலாது. ஆனால் அவ்வினாவே அன்றைய பாடங்களுள் முதன்மையானதாக அமையக்கூடும்.

தனித்தோடிய மற்றொரு வழி

பாடங்களை இணைக்கும் எண்ணம் இதே ஆண்டுகளில் இந்தியாவின் மேற்குப் பகுதியில் வளர்ந்தது. கிஜுபாய் பதேக்கா (1885-1939) 1920இல் பாவநகரில் தட்சிணாமூர்த்தி பாலமந்திரைத் தொடங்கினார். ‘பகல் கனவு’ எனத் தமிழிலும் வந்துள்ள அவருடைய ‘திவாஸ்வப்னா’வில் வரும் ஆசிரியர், வகுப்பைக் கதையில் தொடங்குகின்றார். கதையிலிருந்து வாசிப்பும் நடிப்பும் வரலாறும் கிளைக்கின்றன. இங்கு இணைக்கும் கருவி வாய்மொழிக் கதை.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து, ஜாகிர் உசேன் தலைமையிலான குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. கைத்தொழில் ஒன்றை நடுவில் வைத்துப் பிற பாடங்களை அதனோடு பொருத்துதல் அத்திட்டத்தின் உயிர்நிலை. நூல் நூற்கும் குழந்தை சுற்றுகளை எண்ணிக் கணக்கைக் கற்கும். பருத்தி விளையும் மண்ணைக் கொண்டு நிலவியலைக் கற்கும். துணி வாணிகத்தைக் கொண்டு வரலாற்றைக் கற்கும். இங்கு இணைக்கும் கருவி தக்ளி. அச்சிட்ட புத்தகத்தைச் சார்ந்த கல்வியின்மீது இருந்த ஐயத்தால் படநூலுக்கு இத்திட்டத்தில் சிறப்பிடம் கிட்டவில்லை. ஆகவே சகஜ பாட் காட்டிய வழியும் வார்தா காட்டிய வழியும் ஏழாண்டு இடைவெளியில் தோன்றியும் கலவாமலே சென்றன.

அலமாரியில் இருந்த நூல்கள்

1957ஆம் ஆண்டு சிறுவர் நூல் வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் தேசிய புத்தக அறக்கட்டளையும், கேலிச்சித்திர ஓவியர் சங்கர் நிறுவிய சிறுவர் புத்தக அறக்கட்டளையும் தில்லியில் தோன்றின. முன்னதன் ‘நேரு பால புத்தகாலயம்’ வரிசை, ஒரே நூலைப் பல இந்திய மொழிகளில் குறைந்த விலைக்கு அளித்தது. வண்ணப் படங்களைப் பொதுவாக வைத்துக்கொண்டு எழுத்துப் பகுதியை மட்டும் மொழிதோறும் மாற்றும் முறையால் அச்சுச் செலவு குறைந்தது. புலக் பிஸ்வாஸ், மிக்கி படேல் போன்ற ஓவியர்களின் கைவண்ணம் பல மொழிக் குழந்தைகளைச் சென்றடைந்தது.

எனினும் இந்நூல்கள் ‘துணைநூல்’ எனப் பெயர் பெற்றன. தேர்வுக்குரியது பாடநூல், ஓய்வுக்குரியது படநூல் என்னும் பிரிவு நிலைத்தது. 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் பள்ளிகளுக்கு நூல்களும் துணைக்கருவிகளும் வழங்க வகைசெய்தது. ஆயினும் இருப்புப் பதிவேட்டில் ஏறிய நூல் கிழிந்தால் பொறுப்பேற்க வேண்டுமே என்னும் அச்சம் பல இடங்களில் அவற்றை அலமாரியில் பூட்டிவைத்தது. குழந்தை கையால் தொடாத படநூல் எப்பாடத்தையும் இணைக்காது.

இருவழியும் கூடிய இடம்

தனித்தோடிய இரு வழிகளும் கூடியமைக்கு மத்தியப் பிரதேசச் சான்று ஒன்று உண்டு. 1982இல் தோன்றிய ‘ஏகலவ்யா’ நிறுவனம், 1987இல் ஷாபூர், ஹர்தா பகுதிகளின் சில அரசுப் பள்ளிகளில் ‘பிரஷிகா’ என்னும் தொடக்கக் கல்வித் திட்டத்தை மேற்கொண்டது. மொழிக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று எனப் பிரிக்காமல், ‘குஷி-குஷி’ என்னும் ஒரே நூலில் மொழி, கணக்கு, சூழல் ஆகிய மூன்றும் பின்னப்பட்டன. பார்த்தல், பேசுதல், வரைதல், பிரித்து வகைப்படுத்துதல் ஆகியன எழுதுதலுக்கு முன் வைக்கப்பட்டன. குழந்தையின் வீட்டுப் பேச்சுக்கு வகுப்பில் இடம் தரப்பட்டது. இம்முயற்சியின் வரலாறு 1994இல் தனிநூலாகவே வெளிவந்தது.

பின்னர் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகம் (2005) முதலிரு வகுப்புகளில் சூழ்நிலையியலைத் தனிப்பாடமாக்காமல் மொழி, கணக்கு ஆகியவற்றின் வழியே கற்பிக்க வேண்டும் என்றது. 2008இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ‘பர்கா’ வரிசையில் 40 சிறு படக்கதை நூல்கள் நான்கு நிலைகளில், ஐந்து பொருள்களில் அமைந்தன. தேசியக் கல்விக் கொள்கை (2020) மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை ஒரே அடித்தள நிலையாகக் கொண்டது. கொள்கையளவில் படநூல் அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது.

கருதத்தக்கன

இவ்வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, எல்லாப் படமும் பாடங்களை இணைப்பதில்லை. தனிப்பொருளின் படம் பெயரைத் தரும். மனிதரும் தொழிலும் இடமும் கூடிய காட்சியே வினாவைத் தரும்.

இரண்டாவது, படம் நடுநிலையானதன்று. தாய் எப்போதும் அடுப்பருகிலும் தந்தை எப்போதும் நாளிதழுடனும் வரையப்பட்டால், சொல்லப்படாத பாடம் ஒன்றும் கற்பிக்கப்படுகின்றது. தன் குடிசையையும் தன் ஊர்ச் சந்தையையும் எந்தப் பக்கத்திலும் காணாத குழந்தை, புத்தகம் பிறருக்குரியது எனக் கற்றுக்கொள்கின்றது.

மூன்றாவது, இணைப்புக்கும் ஓர் அளவு உண்டு. பக்கந்தோறும் கதையை நிறுத்தி எத்தனை, என்ன நிறம், எந்த எழுத்து எனக் கேட்டால், கதை மீண்டும் பாடநூலாகிவிடும். முதலில் கதை முழுமையாகக் கேட்கப்பட வேண்டும். குழந்தைகள் பேச வேண்டும். அவர்கள் பேச்சில் எழும் ஒன்றிரண்டு இழைகளையே ஆசிரியர் கணக்குக்கோ இயற்கைக்கோ எடுத்துச் செல்லுதல் தகும்.

முடிவுரை

கொமேனியஸ் எழுத்துப் பகுதியைச் சில பக்கங்களில் முடித்துக்கொண்டு, எஞ்சிய நூல் முழுவதையும் உலகுக்கு அளித்தார். இந்தியத் தொடக்கநூல்கள் பலவும் அச்சில பக்கங்களிலேயே நெடுங்காலம் தங்கிவிட்டன. சகஜ பாட்டும் ஆதாரக் கல்வியும் பிரஷிகாவும் வெவ்வேறு திசையிலிருந்து அவற்றைக் கடக்க முயன்றன. இன்று நூல்கள் உள்ளன, கொள்கையும் உள்ளது. வீட்டுமொழியில் வாய்திறக்கும் குழந்தையின் சொல்லைத் திருத்தாமல் சற்றே கேட்டிருக்கும் ஆசிரியர் இருக்கும் வகுப்பில்தான் அவை பயன் தரும். அத்தகைய ஆசிரியரைப் பயிற்றுவித்தலே எஞ்சியிருக்கும் பணியாகும்.