சுங்கம் தவிர்த்த சோழனும் துறைமுகத் தரகரும்

நம் மீன்சுருட்டிக்கு அணித்தாயுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தை அறியாதார் நம்மவருள் ஒருவரும் இரார். முதலாம் இராசேந்திரன் அமைத்த அத்தலைநகரிலிருந்து 1070-ஆம் ஆண்டு முதல் ஆண்ட முதற் குலோத்துங்கன், 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனக் கல்வெட்டுக்களிற் பாராட்டப்பெற்றான். நாடு வென்று பெயர் கொண்ட வேந்தர் பலர். குடிகளின் சுமையை இறக்கிப் பெயர் கொண்டவர் சிலரே. அம்மண்ணிற் பிறந்த நம் இளைஞர் இக்காலத்துக் கடல்கடந்து சென்று பொருளீட்டி, ஆண்டுத் தாம் ஓட்டிய பழைய காரைத் தாயகத்துக்குக் கொணர விழைவதும் உண்டு. அவர்க்குச் சுங்கத்தின் வரலாறும், சுங்கத் தரகரது கடமையின் எல்லையும் தெரிந்திருத்தல் நன்று என்னும் கருத்தால் இக்கட்டுரை எழுதலாயிற்று.

சுங்கம் நமக்குப் புதியதன்று. பழந்தமிழர் அதனை 'உல்கு' என வழங்கினர். திருவள்ளுவர் அரசனுக்குரிய பொருள்களுள் உல்கு பொருளையும் ஒன்றாக வைத்தார். கலத்தின் வழியாகவும் நிலத்தின் வழியாகவும் வரும் பண்டங்களுக்குரிய இறையே அஃது என்பது பரிமேலழகர் உரையால் விளங்கும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுவனவும் இறக்குவனவுமாகிய பண்டங்களின்மேற் சோழனது புலி இலச்சினை பொறிக்கப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. தரகு என்னும் தொழிலும் பழையதே. பல்லவர் செப்பேடுகள் எண்ணும் இறைகளுள் 'தரகு' என்பதும் ஒன்று.

ஈண்டு மற்றொரு சாசனமும் நினைக்கத்தக்கது. புயலால் கரையொதுங்கிய கலங்களின் சரக்கை முன்னை அரசர் கவர்ந்துகொண்டனர். அவ்வாறு கவராது, வரையறுத்த சுங்கம் ஒன்றையே கொள்வோம் எனக் காகதீய வேந்தன் கணபதிதேவன் 1244-ஆம் ஆண்டையொட்டி மோட்டுப்பள்ளித் துறையில் அபய சாசனம் நாட்டினான். கொள்ளும் அளவு முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும்; அதுவே சுங்கத்தின் அறம்.

நிற்க. ஆங்கிலக் கம்பெனியார் ஆட்சியில் ஊருக்கு ஊர் வாங்கப்பட்ட உள்நாட்டுச் சுங்கம், சென்னை மாகாணத்தில் 1844-ஆம் ஆண்டின் ஆறாம் சட்டத்தால் நீங்கிற்று. ஆயினும் அதே சட்டம் கடல்வழிச் சுங்கத்தைத் திருத்தி நிலைநிறுத்திற்று. பின்னர் 1878-இல் கடற்சுங்கச் சட்டமும், நாடு விடுதலை பெற்றபின் 1962-இல் இன்றுள்ள சுங்கச் சட்டமும் எழுந்தன. 2017 ஜூலை முதல் நாளில் சரக்கு சேவை வரி வந்தபோது மாநிலங்களின் நுழைவு வரியும் அதனுள் அடங்கிற்று. ஆகவே உள்நாட்டுச் சுங்கம் காலந்தோறும் தவிர்க்கப்பட்டது. துறைமுகச் சுங்கமோ என்றும் நின்றது. இவ்வேறுபாட்டை அறியாமையே பலர் இடர்ப்படுதற்குக் காரணமாம்.

பழைய கார் கொணர்வார்க்குரிய விதிகளுள் தலையாயவற்றைக் கூறுவாம். கார் செய்யப்பட்டு மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. அதன் ஓட்டுவளையம் வலப்புறம் அமைந்திருத்தல் வேண்டும். துபாய், குவைத் முதலிய நாடுகளிற் சாலையின் வலப்புறமே வண்டி செல்வதால் ஆண்டுள்ள கார்களுக்கு ஓட்டுவளையம் இடப்புறம் உளது. ஆதலின் அவை விலக்குண்ணும். சிங்கப்பூர், மலேயாக் கார்களுக்கு இத்தடை இல்லை. விரைவுமானி கிலோமீட்டரிற் காட்டுவதாயிருத்தல் வேண்டும். பழைய கார்கள் மும்பைத் துறைமுகத்தின் வாயிலாகவே இறங்குதற்கு உரியன. நமக்கு அண்மையிலுள்ள சென்னை இதற்கு உதவாது. அருங்காட்சிப் பொருளாகப் போற்றப்படும் மிகப் பழங்கார்களுக்கு விதி வேறு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். வாங்கிய விலையே சுங்கத்துக்கு அடிப்படை எனப் பலர் எண்ணுகின்றனர். அதிகாரிகளோ, அக்கார் புதியதாயிருந்தபோது பெற்ற விலையிலிருந்து தேய்மானம் கழித்து மதிப்பிடுவது வழக்கம். காலாண்டு ஒன்றுக்கு முதலாண்டில் நூற்றுக்கு 4, இரண்டாமாண்டில் 3, மூன்றாமாண்டில் 2½ கழியும். மூன்றாண்டுக்குக் கூட்டின் 16, 12, 10 ஆக 38 ஆகும். புதுவிலை 10,00,000 ரூபாயாயின் மதிப்பு 6,20,000 ரூபாய். இதன்மேற் கப்பற்கூலியும் காப்புறுதிக் கட்டணமும் சேரும். 2013-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் பழைய காரின் அடிப்படைச் சுங்கம் நூற்றுக்கு 100-இலிருந்து 125 ஆக உயர்ந்தது. அன்றைய அவ்விகிதப்படி கூலி முதலியன சேராமலே சுங்கம் 7,75,000 ரூபாயாயிற்று. பிற வரிகள் தனி. விகிதம் ஆண்டுதோறும் மாறக்கூடும். எனினும் சுமை காரின் மதிப்பை விஞ்சும் என்பதை மறத்தலாகாது.

இத்துணைச் சிக்கலுக்கு வழிகாட்டுவாரே சுங்கத் தரகர். 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இவர்க்கு உரிமம் வேண்டுமென்றது. 'கஸ்டம் ஹவுஸ் ஏஜெண்ட்' என்றிருந்த பெயர் 2013-இல் 'கஸ்டம்ஸ் புரோக்கர்' என மாறிற்று. தேர்வில் தேறி உரிமம் பெற்ற இவர், 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, தம்மை அமர்த்தியவர்க்குச் சட்டத்தை எடுத்துரைத்தலும், அவர் சட்டத்துக்கு இணங்காவிடின் அதிகாரிக்குத் தெரிவித்தலும் கடமையாம். ஆயினும் தரகர் அறிவை வாங்கலாம். பொறுப்பை அவர் தலையில் ஏற்றுதல் இயலாது. உரிமையாளருக்காகத் தரகர் செய்தது, மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, உரிமையாளர் அறிந்து உடன்பட்டதாகவே கொள்ளப்படும் என்பது 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 147-ஆம் பிரிவு. பொய்யான ஆண்டோ பொய்யான விலையோ பத்திரத்தில் ஏறின், கார் பறிமுதலாவதும் தண்டம் இறுப்பதும் உரிமையாளர்க்கே நேரும்.

2025 செப்டம்பரிற் கேரளத்தில் நிகழ்ந்ததை நோக்குக. பூட்டானிலிருந்து பழைய கார்களைச் சுங்கமின்றிக் கொணர்ந்து, பொய்ப் பத்திரங்களால் இந்நாட்டிற் பதிவு செய்தனர் என்னும் ஐயத்தின்மேற் கொச்சிச் சுங்கத்துறையினர் பலவிடங்களிற் சோதனையிட்டுக் கார்களைக் கைப்பற்றினர். கைமாறி வந்த காரை வாங்கியவரும் அவ்விசாரணைக்கு ஆளாயினர். குறுக்குவழியின் சுமை, அவ்வழியைத் திறந்தவனோடு நில்லாது பின்வருவானையும் பற்றுவதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

ஆதலின் நம் சங்கத்தார் தம் மக்களுக்கு எழுதுங்கடிதத்தில் இவற்றை எழுதுக. கார் கப்பலேறுமுன் அது செய்யப்பட்ட நாள், விலைச்சீட்டு, பதிவுச்சீட்டு ஆகியவற்றைத் தரகர்க்குக் காட்டி, ஆகும் மொத்தச் செலவை எழுத்தில் வாங்குக. தரகரின் உரிம எண்ணைக் கேட்டறிக. வெற்றுத்தாளிற் கையெழுத்திடற்க. கணக்கிட்டபின் ஆசை தணியுமாயின், அப்பணத்தைக் கொண்டு ஊரிற் புதுக்கார் வாங்குதலே மேல். சுங்கம் தவிர்ப்பது வேந்தன் செயல். சுங்கத்தை அறிந்து செலுத்துவதும், செலுத்த இயலாதாயின் ஒழிவதும் குடிகள் செயல். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டென யாரேனும் கூறின், அவர் சொல்லை நம்பற்க.