ஜிப்சீஸ் இசைக்குழு

ஜிப்சீஸ், மொறட்டுவையில் 1969இல் அன்ரன் பெரேரா தன் பிள்ளைகளைக் கொண்டு தொடங்கிய இசைக்குழு. பைலாவையும் மேலைநாட்டுப் பொப் இசையையும் கலந்து அரை நூற்றாண்டைத் தாண்டி மேடையேறிய குழுக்கள் இலங்கையில் மிகச் சிலவே. அவற்றுள் தமிழ்க் கொழும்பும் நன்கறிந்தது இது.

பைலா போர்த்துக்கேயர் காலத்து மிச்சம். மட்டக்களப்புப் பறங்கியர் அதன் உறவான கஃப்ரிஞ்ஞாவை இன்றும் ஆடுகிறார்கள். பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன், பின்னர் எம். எஸ். பெர்னாண்டோ முதலியோர் அதைச் சிங்களப் பாட்டாக நிலைநிறுத்தினர். அறுபதுகளின் பிற்பகுதியில் மின்கிற்றார்க் குழுக்கள் பெருகின. ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரிய’ நிறுவனம் அவற்றின் இசைத்தட்டுகளை வெளியிட்டது. தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாடல்களால் பெயர்பெற்றதும் இந்த அலையோடுதான்.

இத்தகைய குழுக்கள் ஒன்றாய் நிலைப்பது அரிது. மூன்ஸ்டோன்ஸிலிருந்து பிரிந்த கிளாரன்ஸ் விஜேவர்தன கோல்டன் சைம்ஸைத் தொடங்கினார். பிறகு பழைய தோழர் அனஸ்லி மாலேவனவோடு மீண்டும் சேர்ந்து சூப்பர் கோல்டன் சைம்ஸை அமைத்தார். பிரித்தானிய புளூஸ் உலகில் இன்னும் மோசம். 1965இல் உருவான சவோய் பிரவுன் குழுவில் அதைத் தொடங்கிய கிம் சிமண்ட்ஸைத் தவிர நிலைத்தவர் எவருமில்லை; விலகிய மூவர் 1971இல் ஃபாக்ஹாட் என்ற குழுவுக்கு அடித்தளமிட்டனர். ஜிப்சீஸிலும் வாத்தியக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். ஆனால் பெயரும் பொறுப்பும் குடும்பத்தைவிட்டு வெளியே போகவில்லை. நீடித்த வாழ்வுக்கு இசையைவிட இந்த ஏற்பாடே பெரிய காரணம் எனலாம்.

அந்தக் குடும்பத்தின் குரல் சுனில் பெரேரா (1952–2021). ‘லுணு தெஹி’, ‘குருமிட்டோ’, ‘அங்கிள் ஜோன்சன்’ போன்ற பாட்டுகளில் அவர் அயலாரைக் கேலிசெய்தார். ‘ஐ டோன்ட் நோ வை’ பாட்டில் நாட்டையே கேலிசெய்தார். பேட்டிகளிலும் அரசியல்வாதிகளை விட்டுவைக்கவில்லை. சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த கொட்டாஞ்சேனைக் கல்யாண வீடுகளிலும் அவர் பாட்டுக்கு ஆட்டம் எழுந்தது. தாளத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. கத்தோலிக்கத் தமிழரும் பரதரும் வாழும் அப்பகுதிக்குப் பைலா அந்நியமாக இருந்ததுமில்லை.

கொவிட் தொற்றையடுத்த சிக்கல்களால் 2021 செப்ரெம்பர் 6 அன்று சுனில் காலமானார். நாடு ஊரடங்கில் இருந்ததால், திரண்டிருக்கவேண்டிய கூட்டம் திரளமுடியவில்லை. குழுவின் தலைமை, தொடக்க காலம் முதல் உடனிருந்த தம்பி பியல் பெரேராவிடம் சென்றது. ஆட்கள் மாறியதைத் தாங்கிப் பழகிய குழு, குரல் மாறியதை அப்போதுதான் முதன்முறையாகச் சந்தித்தது.