மொரீஸ் ஆந்த்ரே

மொரீஸ் ஆந்த்ரே (மே 21, 1933 – பிப்ரவரி 25, 2012) பிரான்ஸ் நாட்டு டிரம்பெட் கலைஞர். மேற்கத்திய செவ்வியல் இசைக்குழுவின் பின்வரிசையில் இருந்த டிரம்பெட்டை, வயலினைப் போல மேடையின் முன்னே நின்று வாசிக்கும் தனிக்கருவியாக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர்.

இளமை

தென் பிரான்சில் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான அலேஸில் பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி, இசை ஆர்வலர். மொரீஸும் பதினான்கு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வேலை செய்தார். அவருக்கு டிரம்பெட் கற்பித்தவர் தந்தையின் நண்பர் லியோன் பார்த்தெலெமி. பாரிஸ் இசைக் கல்லூரியில் சேரப் பணம் இல்லை. ராணுவ வாத்தியக் குழுவில் இருந்தால் கட்டணமின்றிப் படிக்கலாம் என்பதால் 1951-ல் படையில் சேர்ந்தார். ரேமோன் சபாரிஷிடம் பயின்று, 1953-ல் டிரம்பெட்டுக்கான முதல் பரிசு பெற்றார்.

வாசிக்க இசை இல்லை

அன்று தனி டிரம்பெட் கலைஞராக வாழ்வது எளிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு டிரம்பெட்டில் வால்வு கிடையாது; உதட்டாலும் மூச்சாலுமே ஸ்வரங்களை எழுப்ப வேண்டும். அடுத்தடுத்த ஸ்வரங்கள் மேல் ஸ்தாயியில்தான் கிடைக்கும். பாஹ் போன்றோர் அந்த உயரத்தில் எழுதினார்கள். பிறகு அந்தக் கலை வழக்கொழிந்தது. ஹைடன் (1796), ஹும்மல் (1803) ஆகியோரின் கான்செர்ட்டோக்களுக்குப் பின் பெரிய இசையமைப்பாளர்கள் நெடுங்காலம் தனி டிரம்பெட்டுக்கு எழுதியது மிகக் குறைவு.

ஆந்த்ரே கையில் எடுத்தது பிக்கலோ டிரம்பெட். இதன் குழாய் சாதாரண டிரம்பெட்டில் பாதி நீளம். ஒலி ஒரு ஸ்தாயி மேலே. பழைய இசையின் உயரத்தை இதில் துல்லியமாகத் தொட முடிந்தது. அத்துடன், நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் ஓபோவுக்கு அல்பினோனி, டெலிமான் முதலியோர் எழுதியவற்றையும் டிரம்பெட்டுக்கு மாற்றி வாசித்தார். மூலத்தை மாற்றலாமா என்ற கேள்வி எழாமல் இல்லை. பின்வந்த சிலர் வால்வு இல்லாத பழைய கருவிக்கே திரும்பினார்கள். ஆனால் டிரம்பெட் கேட்க அரங்கம் நிரம்பும் என்று காட்டியவை இந்த மாற்றங்களே.

உலக மேடை

1955-ல் ஜெனிவா சர்வதேசப் போட்டியில் வென்றார். 1963-ல் மியூனிக் போட்டிக்கு அவரை நடுவராக அழைத்தார்கள். அவரோ போட்டியாளராகக் கலந்துகொள்ள விரும்பினார். தோற்றிருந்தால் அதுவரை பெற்ற பெயருக்கே இழுக்கு. முதல் பரிசை வென்றார். அதன்பின் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என அவர் பயணங்கள் விரிந்தன. காராயன் நடத்திய பெர்லின் பில்ஹார்மோனிக்குடனும் இசைத்தட்டு பதிந்தார். அவருடைய பதிவுகள் 300க்கும் மேல்.

ஆசிரியப் பணி

1967 முதல் 1978 வரை, தாம் படித்த பாரிஸ் கல்லூரியிலேயே பேராசிரியராக இருந்தார். கீ தூவ்ரோன், பெர்னார் சுஸ்த்ரோ ஆகியோர் அவருடைய மாணவர்கள். யோலிவே போன்ற இசையமைப்பாளர்கள் அவருக்கென்றே புதிய படைப்புகளை எழுதினார்கள். வாசிக்க இசையில்லாமல் ஓபோவிடம் கடன் வாங்கிய கருவிக்கு, அவர் காலத்திலேயே சொந்த இசை சேரத் தொடங்கியது.

பயோன் நகரில் தமது 78-ஆம் வயதில் காலமானார்.