அப்புத்தளைத் தேயிலையும் ஐந்து ஷாம்ரொக் படகுகளும்: லிப்டன் ஏன் ஒருமுறையும் வெல்லவில்லை?

அப்புத்தளை நகரிலிருந்து சுமார் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை. அங்கிருந்து கொழுந்து மலைகளின் ஊடாகச் செல்லும் பாதையில் இன்னும் சுமார் ஏழு கிலோமீற்றர் ஏறினால் ‘லிப்டன் சீட்’ வந்துவிடும். சேர் தோமஸ் லிப்டன் தன் தோட்டங்களைப் பார்த்தபடி அமர்ந்திருந்த இடம் என்று சொல்லி உல்லாசப் பயணிகளை அங்கே அழைத்துச் செல்கிறார்கள்.

தேயிலைப் பெட்டியில் இருக்கும் லிப்டனை எல்லோரும் அறிவர். உலகின் மிகப் புகழ்பெற்ற பாய்ப்படகுப் போட்டியான அமெரிக்கக் கிண்ணத்துக்காக அவர் 31 ஆண்டுகளில் ஐந்து முறை மோதி ஐந்து முறையும் தோற்றார் என்பதை மலையகத்தில் பலர் அறியமாட்டார்கள். அந்தப் படகுகளுக்கான செல்வத்தில் அப்புத்தளைக் கொழுந்துக்கும் பங்கு உண்டு. அவை ஏன் தோற்றன என்பதை விளங்கிக்கொள்ளப் பாய், பாய்மரம், கயிறு ஆகியவற்றின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்திலிருந்து படகுக்கு

லிப்டன் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1871இல் அங்கே முதலாவது மளிகைக் கடையைத் திறந்த அவர், பின்னர் பிரித்தானியா முழுவதும் கடைகளை வைத்திருந்தார். இலங்கையில் கோப்பிப் பயிரை 1869 முதல் இலைநோய் அழித்ததால் தோட்டங்களின் விலை விழுந்தது. 1890இல் இலங்கைக்கு வந்த லிப்டன், தம்பேதன்ன உட்பட ஊவாவில் பல தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர் இல்லாமல் தன் தோட்டத்துத் தேயிலையைத் தன் கடையிலேயே விற்றதுதான் அவருடைய வியாபாரத்தின் பலம். 1898இல் அவருடைய வியாபாரம் பொதுக் கம்பனியானது. அடுத்த ஆண்டே முதலாவது ஷாம்ரொக் படகு அமெரிக்கா சென்றது. கடைகளுக்கும் தேயிலைக்கும் அது பெரும் விளம்பரமாகவும் அமைந்தது.

பாயும் காற்றும்

காற்று வரும் திசைக்கு நேர் எதிராக எந்தப் பாய்ப்படகும் ஓடாது. சுமார் 45 பாகை விலகி, ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமுமாக மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். அவ்வாறு ஓடும்போது பாய் பறவையின் இறக்கையைப் போல வேலை செய்கிறது. வளைந்த பாயின் இரு பக்கமும் ஓடும் காற்று அதை முன்னோக்கியும் பக்கவாட்டிலும் இழுக்கிறது. பக்கவாட்டு இழுப்பைப் படகின் அடியில் உள்ள கனமான அடிக்கட்டை தாங்குகிறது. மிஞ்சுவது முன்னோக்கிய ஓட்டம்.

ஆகவே பாய் எவ்வளவு பெரியது என்பதோடு அதன் வளைவும் முக்கியம். மெல்லிய காற்றுக்குப் பாய் சற்றுக் குழிந்து நிற்க வேண்டும். காற்றுப் பலத்தால் அதை இழுத்துத் தட்டையாக்க வேண்டும். இன்னும் பலத்தால் பாயின் ஒரு பகுதியைச் சுருட்டிக் கட்ட வேண்டும். இவை எல்லாவற்றையும் கயிறுகளைக் கொண்டே செய்கிறார்கள். பாயை மேலே ஏற்றும் கயிறு ஒன்று, அதன் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு இன்னொன்று. பாய்மரத்தைச் சாயவிடாமல் பிடித்திருப்பவை பக்கக் கம்பிகள். சிறிய பந்தயப் படகில் ஒருவர் அல்லது இருவர் செய்யும் இந்த வேலைக்குப் பெரிய படகில் பல பத்துப் பேர் வேண்டும்.

பெரிய பாய் வேகம் தரும். ஆனால் அதைத் தாங்க உயரமான மரம் வேண்டும். மரத்தின் உச்சியில் கூடும் ஒவ்வோர் இறாத்தலும் படகை மேலும் சாய்க்கும். பாரத்தைக் குறைக்க மரத்தையும் கம்பியையும் மெலிதாக்கினால் அவை முறியும். பந்தயப் படகைக் கட்டுபவரின் தீராத சிக்கல் இதுதான்.

முதல் மூன்று தோல்விகள்

1899இல் வில்லியம் ஃபைஃப் வடிவமைத்த முதலாவது ஷாம்ரொக், அமெரிக்காவின் கொலம்பியாவிடம் 3–0 எனத் தோற்றது. இரண்டாவது ஓட்டத்தில் பாய்மரத்தின் மேல்துண்டு முறிந்து விழ, கொலம்பியா தனியாக ஓடி முடித்தது.

இரண்டாவது ஷாம்ரொக் 1901 மே மாதம் இங்கிலாந்தின் சொலன்ட் நீரிணையில் ஒத்திகை பார்த்தபோது அதன் உருக்குப் பாய்மரம் சரிந்து விழுந்தது. மன்னர் ஏழாம் எட்வேர்ட் அப்போது படகில் இருந்தார். ஒருவருக்கும் காயமில்லை. போட்டியின் கடைசி ஓட்டத்தில் இந்தப் படகு கொலம்பியாவுக்கு 2 விநாடிகள் முன்னதாக எல்லையைக் கடந்தது. ஆனாலும் படகுகளின் அளவை வைத்துக் கொடுக்கப்படும் நேரச் சலுகையைக் கணக்கிட்டபோது 41 விநாடிகளால் தோற்றது.

மூன்றாவது ஷாம்ரொக்கின் பாய்மரம் 1903 ஏப்ரலில் வேமத் அருகே ஒத்திகையின்போது விழுந்தது. இம்முறை ஒரு மாலுமி கடலில் வீழ்ந்து உயிரிழந்தார். லிப்டனும் காயமடைந்தார். அந்த ஆண்டு எதிரே நின்ற ரிலையன்ஸ் படகு 16,000 சதுர அடிக்கு மேற்பட்ட பாயை ஒரே பாய்மரத்தில் ஏற்றியது. ஷாம்ரொக்கின் பாயோ சுமார் 14,000 சதுர அடி. ரிலையன்ஸை வடிவமைத்த நதானியேல் ஹெரெஷோஃப், கயிறு சுற்றும் உருளைகளைத் தளத்துக்குக் கீழே பொருத்தியிருந்தார். அந்தப் பெரும்பாயைக் கையாள அவை உதவின. முடிவு மீண்டும் 3–0.

இன்னொரு வேற்றுமையும் இருந்தது. சவால் விடும் படகு தானே கடல் கடந்து வரவேண்டும் என்பது கிண்ணத்தின் விதி. லிப்டனின் படகுகள் அத்லாந்திக் சமுத்திரத்தைத் தாங்கும் உறுதியோடு கட்டப்பட வேண்டியிருந்தன. அமெரிக்கப் படகுகள் சொந்தக் கரையில் சில வாரங்கள் ஓடினால் போதுமானதாக இருந்தது.

1920: கைக்கு எட்டியது

நான்காவது ஷாம்ரொக் 1914இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டு நடுக்கடலில் இருந்தபோது முதலாம் உலகப் போர் மூண்டது. படகு நியூயோர்க்கில் ஆண்டுக்கணக்கில் கரையேற்றி வைக்கப்பட்டது. போட்டி 1920 ஜூலையிலேயே நடந்தது.

அக்காலத்தில் பெரிய பாய் நாற்கோணமாக இருந்தது. அதன் மேல் விளிம்பை ஒரு சாய்மரம் தாங்கும். அந்தச் சாய்மரத்தை ஏற்ற இரண்டு கயிறுகள் தேவை. ஒன்று அதன் அடிப்பகுதிக்கு, மற்றது நுனிக்கு. முதல் ஓட்டத்தில் முன்னணியில் இருந்த அமெரிக்காவின் ரெசொலூட் படகில் அடிப்பகுதிக் கயிறு அறுந்து பாய் சரிந்தது. ஷாம்ரொக் வென்றது. இரண்டாவது ஓட்டத்தையும் வென்றது. இன்னும் ஒரு வெற்றி போதும் என்ற நிலையில் அடுத்த மூன்றையும் ரெசொலூட் எடுத்துக்கொண்டது. பெரிய பாயைச் சுமந்ததால் ஷாம்ரொக் ஒவ்வோர் ஓட்டத்திலும் சுமார் ஏழு நிமிடங்களை எதிரிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

1930: ஒரே கயிறு

1930இல் சார்ள்ஸ் நிக்கல்சன் வடிவமைத்த ஐந்தாவது ஷாம்ரொக் நியூபோர்ட் கரைக்கு வந்தபோது இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன. இரு படகுகளும் ஒரே விதிக்கு அமையக் கட்டப்பட்டதால் நேரச் சலுகை இல்லை. பாயும் முக்கோணமாகிவிட்டது. சாய்மரம் போனதால் உச்சிப் பாரம் குறைந்தது. உயர்ந்து ஒடுங்கிய இந்தப் பாய் காற்றுக்கு எதிராக ஓடுகையில் மேலானது. இன்றைய சிறு பந்தயப் படகுகளிலும் பெரும்பாலும் இதுவே உள்ளது.

ஹரோல்ட் வண்டர்பில்ட் ஓட்டிய எண்டர்பிரைஸ் அதற்கும் மேலே சென்றது. ஷாம்ரொக்கின் பாய்மரம் மரத்தாலானது. எண்டர்பிரைஸின் பாய்மரமோ விமானங்களில் பயன்பட்ட டியூரலுமின் உலோகத்தால் ஆனது, மிக இலேசானது. பாயின் கீழ் விளிம்பு பூட்டப்படும் கிடைமரத்தின் மேற்புறம் மேசை போல அகலமாக இருந்தது. அதில் பாயின் அடியை வேண்டிய அளவுக்கு வளைத்து நிறுத்தலாம். தளத்துக்குக் கீழே இருந்த உருளைகளை இயக்கத் தனிக் குழு இருந்தது.

மூன்றாவது ஓட்டத்தில் ஷாம்ரொக்கின் பெரிய பாயை ஏற்றியிருந்த கயிறு அறுந்து, பாய் முழுவதும் கீழே வந்தது. முக்கோணப் பாயின் நன்மையும் ஆபத்தும் ஒன்றே: எல்லாப் பாரமும் ஒரே கயிற்றில். எண்டர்பிரைஸ் 4–0 என வென்றது. தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்ற லிப்டனுக்கு அமெரிக்க மக்கள் பணம் சேர்த்துத் தங்கக் கிண்ணம் ஒன்றைக் கொடுத்தார்கள். 1931 ஒக்டோபர் 2 அன்று அவர் காலமானார்.

வல்வெட்டித்துறையின் பாய்

பாய் கட்டி அத்லாந்திக் கடந்த கதை நம்மவருக்கும் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற இருமரக் கப்பலை அமெரிக்கர் வில்லியம் ரொபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். அது பந்தயப் படகல்ல. சரக்கேற்றும் கப்பலுக்குப் பாயை இரண்டு மரங்களில் பகிர்ந்து கட்டுவார்கள். வேகம் குறைந்தாலும் ஒரு கயிறு அறுந்தால் எல்லாம் நின்றுவிடாது.

பாய்க்குப் பின்னால் இருந்தவர்கள்

ஷாம்ரொக் படகுகள் ஓடிய காலத்தில் தம்பேதன்னவில் என்ன நடந்தது? தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் லயன் காம்பிராக்களில் வாழ்ந்தன. கடனோடு ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல்தான் வந்தது. அதாவது முதல் நான்கு படகுகளும் கட்டப்பட்டபோது, தோட்டத் தொழிலாளிக்கு இவ்வளவுதான் குறைந்த கூலி என்று சொல்லும் சட்டம் இருக்கவில்லை. படகில் கயிறு இழுத்தவர்களைப் போலவே தலையில் கூடைக் கயிற்றைத் தாங்கியவர்களும் அந்தப் பாய்க்கு உழைத்தவர்களே.

பின்னர் 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தம் பலரைக் கப்பலேற்றியது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகக் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று, அங்கே போரையும் சந்தித்தன. இக்கட்டுரையை வன்னியில் படிப்போரில் பாட்டனோ பாட்டியோ ஊவாத் தோட்டத்தில் கொழுந்து கொய்தவர்களும் இருக்கக்கூடும்.

ஐந்தாவது ஷாம்ரொக் இன்றும் இருக்கிறது. பலமுறை புதுப்பிக்கப்பட்டுப் பாய் விரித்து ஓடுகிறது. யார் வடிவமைத்தார், எந்த ஓட்டத்தில் எந்தக் கயிறு அறுந்தது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்றுதான் கணக்கிடுவார்கள்: முழுப் பேர், அரைப் பேர். செக்ரோலில் நாள்தோறும் பதியப்பட்ட அந்தப் பேர்களுக்கு உரியவர்களின் வரலாற்றை நம் வீடுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். தோட்டத்தின் பெயர், டிவிசன், பழைய பிறப்புச் சான்றிதழ், முதியவர்கள் நினைவில் வைத்திருக்கும் கங்காணியின் பெயர் ஆகியவற்றை அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.