அரவான் களப்பலியும் படுகளமும்: பேரழிவுக் கதைகளின் ஈர்ப்பு

அரவான் களப்பலி என்பது பாரதப் போர் தொடங்கும் முன் நடந்ததாகத் தமிழகத்தில் வழங்கும் தற்பலிக் கதை. படுகளம் என்பது அப்போரின் முடிவைத் திடலில் நிகழ்த்திக் காட்டும் சடங்கு. கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களிலும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளிலும் கூத்தாண்டவர், திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் இவை இன்றும் இடம்பெறுகின்றன. ரத்தமும் பிணமும் நிறைந்த அழிவுக் கதையை மக்கள் ஏன் விரும்பிக் காண்கிறார்கள் என்ற கேள்விக்கு இவ்விழாக்கள் விடை தருகின்றன.

இலக்கியப் பின்னணி

கொடூரக் காட்சிகள் தமிழ் இலக்கியத்துக்குப் புதியவை அல்ல. போர்க்களத்தில் பிணம் தின்று ஆடும் பேய்மகளைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கனின் (1070–1120) படை கலிங்கத்தை வென்றதைப் பாடும் கலிங்கத்துப்பரணியில், பசித்த பேய்கள் களத்திலேயே கூழ் சமைத்து உண்கின்றன. செயங்கொண்டார் இப்பகுதியை அச்சமும் நகைச்சுவையும் கலந்து பாடியுள்ளார்.

வடமொழி மகாபாரதத்தில் அர்ச்சுனனின் மகன் இராவான் எட்டாம் நாள் போரில் அரக்கன் ஒருவனால் கொல்லப்படுகிறான். தமிழ் மரபிலோ அவன் போருக்கு முன்பே காளிக்குத் தன்னைப் பலியிடுகிறான். இக்கதை 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் இயற்றிய பாரத வெண்பாவிலேயே காணப்படுகிறது. பின்னர் வில்லிபுத்தூராரும் இதைப் பாடினார். அவர் பிறந்த சனியூர் திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருநாவலூரும் அந்நாட்டைச் சேர்ந்த ஊரே.

கூவாகம்

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரை மாதத்தில் 18 நாள் விழா நடைபெறுகிறது. கூத்தாண்டவர் என்பது அரவானின் பெயர். பலியாகும் முன் ஒரு நாளேனும் மணவாழ்க்கை வேண்டும் என்று அவன் கேட்க, கண்ணனே மோகினி வடிவெடுத்து அவனை மணந்ததாகக் கதை. திருநங்கையர் தங்களை அந்த மோகினியாகக் கருதித் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் தேரோட்டம். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கொண்டுவரப்படும் உறுப்புகளைக் கொண்டு தேரில் அரவானின் உருவம் அமைக்கப்படுகிறது. பலி முடிந்ததும் திருநங்கையர் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி ஒப்பாரி வைக்கின்றனர். பலிச் சோற்றை உண்டால் குழந்தைப்பேறு கிட்டும் என்பது மக்கள் நம்பிக்கை.

வாய்மொழிக் கதையில் அரவான் மற்றொரு வரமும் கேட்கிறான். தலை துண்டிக்கப்பட்ட பிறகும் 18 நாள் போரையும் தன் கண்ணால் காண வேண்டும் என்பதே அது. உயிர் போகிறதே என்ற வருத்தத்தைவிட, நடக்கப்போவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் அவனுக்குப் பெரிதாக இருந்தது. போரில் பங்கில்லாத அந்தத் தலை, அதன் பார்வையாளராக இருந்தது. பேரழிவுக் கதையை நாடிச் செல்லும் எல்லோருக்கும் அந்தத் தலையை முன்னோடி எனலாம்.

படுகளம்

திரௌபதி அம்மன் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். பதினெட்டாம் போர் இரவு முழுவதும் ஆடப்பட்டு, விடிந்ததும் படுகளம் தொடங்கும். திடலில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் நீட்டிப் படுத்திருக்கும். வீமன் வேடம் பூண்டவர் அதன் தொடையில் அடிப்பார். அங்கிருந்து எடுக்கும் குருதியைப் பூசித் திரௌபதி தன் கூந்தலை முடிவாள். சில ஊர்களில் மாண்டவர்களாகக் களத்தில் கிடப்பவர்களை எழுப்பும் சடங்கும் உண்டு. மாலையில் தீமிதி.

ஈர்ப்புக்கான காரணங்கள்

பாரதப் போர் ஒரு யுகத்தின் முடிவை ஒட்டியது. அதன் பின் கலியுகம் பிறந்தது என்பது மரபு. ஆகவே இது குலச்சண்டை மட்டுமன்று, ஓர் உலகத்தின் அழிவும் ஆகும். பிற நாடுகளிலும் இத்தகைய கதைகள் உண்டு. ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லி, கொள்ளைநோயால் மனித இனமே அழிவதாக ஒரு நாவலை 1826இல் வெளியிட்டார். அதற்குள் அவர் மூன்று குழந்தைகளையும் கணவரையும் இழந்திருந்தார்.

கொடூரத்தின் மீதுள்ள ஆசையே மக்களை இக்கதைகளுக்கு இழுக்கிறது என்று சொல்வது எளிது. ஆனால் விழாவின் அமைப்பு வேறொன்றைக் காட்டுகிறது. வாழ்வில் வரும் துயரத்துக்குக் கால எல்லை இல்லை. கதையில் வரும் அழிவுக்கு 18 நாள் என்ற எல்லை உண்டு. வீட்டில் தனியே அழ வேண்டியதை ஊரோடு சேர்ந்து அழவும் அங்கே இடமுண்டு. குடும்பத்தால் விலக்கப்பட்ட திருநங்கை ஒருவர், அரவானுக்கான ஒப்பாரியில் தன் இழப்புக்கும் சேர்த்து அழ முடிகிறது.

இன்று திரையிலும் நாவலிலும் உலக அழிவைத் தேடும் இளைஞர்களையும் இவ்வாறே புரிந்துகொள்ளலாம். அவர்கள் அழிவை விரும்புவதில்லை. அழிவுக்குப் பிறகு என்ன மிஞ்சும் என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். படுகளம் முடிந்த அன்றே திரௌபதி கூந்தலை முடிகிறாள், கிடந்தவர்கள் எழுகிறார்கள், பக்தர்கள் தீயைக் கடக்கிறார்கள். கூவாகத்தில் பலியிட்ட களத்திலேயே குழந்தை வரத்துக்கான சோறு வழங்கப்படுகிறது.