பற்பரிசோதனையின் விலை

சென்ற தவணையில் ஒருநாட் காலை, எமது பாடசாலை அலுவலகத்தின் வாயிலிலே ஒரு தந்தையார் வந்து நின்றார். மன்னார்த் தீவின் மேற்குக் கோடியிலே கடற்றொழில் செய்து வாழ்பவர். அவருடைய மகன் மூன்று நாளாக வகுப்புக்கு வரவில்லை. காரணம் வினவினேன்.

"கொடுப்புப் பல்லுக் குத்து, சேர். இராவிராவாக் கிடந்து அழுகிறான்."

"ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவில்லையா?" என்று கேட்டேன். அவர் சிறிது தயங்கினார். "அங்க காசில்லைத்தான் சேர். ஆனா ஒருநாள் தொழில் போகும். பஸ்ஸுக்கும் குடுக்கவேணும். போனாக் கழட்டிப்போட்டு விடுவினம். அதை வீட்டிலயே நூலைக் கட்டி இழுக்கலாம்தானே?"

நேயர்களே, இவ்விடையைக் கேட்டு நகைப்பதற்கில்லை. பற்காப்பைப் பற்றிக் கற்றோர் பல காலமாக ஆராய்ந்து வரும் இரு வினாக்களை அம்மனிதர் ஒரே மூச்சிலே கேட்டுவிட்டார். பல்லைப் பார்ப்பித்தற்குக் கொடுக்கும் விலை உண்மையில் யாது? கொடுத்த விலைக்கு ஈடாகப் பெறுவது எவ்வளவு? இவற்றிற்கு விடை காணச் சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

பல் துலக்குதல் எம் மக்களுக்குப் புதியதன்று. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் புகழும் பழமொழியை அறியாதார் இலர். மன்னார்ப் பகுதியிலே வேப்பங்குச்சியே பெருவழக்கு. இவ்வறண்ட நிலத்துக்குரிய உகாய் மரத்தின் குச்சி, உலகெங்கும் இஸ்லாமிய மக்கள் மிஸ்வாக் எனப் போற்றுவதாகும். (எம் தீவின் புகழ்பெற்ற பெருக்குமரத்தை அராபியர் கொணர்ந்தனர் என்பர், அதைக் காண வருவோர் உகாயைத் திரும்பியும் பார்ப்பதில்லை.) என் பாட்டியார் உமிக்கரியும் உப்பும் கலந்து விரலாலே தேய்ப்பார். இவற்றிற்கெல்லாம் செலவு ஒரு சதமும் இல்லை.

ஆயினும் குச்சிக்கும் விரலுக்கும் எட்டாத ஒன்றுண்டு. பல்லின்மேற் படியும் மென்மையான ஊத்தை, உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்தோடு சேர்ந்து நாளடைவிற் கல்லாக இறுகும். அதுவே பற்காரை. முரசின் விளிம்பிலும் அதன் அடியிலும் உறைந்துவிட்ட காரையைக் கருவிகொண்டு சுரண்டியே எடுத்தல்வேண்டும். இதனைச் சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வடமொழி மருத்துவ நூல் அறிந்திருந்தது. பல்லின் வேருக்கு ஊறு நேராமற் காரையை அகற்றுக என்று அது விதிக்கின்றது. மாதோட்டத் துறையிலே அராபியக் கப்பல்களும் பாரசீகக் கப்பல்களும் நங்கூரமிட்ட காலத்தை அடுத்து, ஸ்பானியாவின் கொர்டோவா நகர்ப் பக்கத்தில் அல் ஸஹ்ராவி என்னும் பெருமருத்துவர் வாழ்ந்தார். 1013ஆம் ஆண்டளவில் மறைந்த இவர், பற்காரை சுரண்டுதற்கெனப் பதினான்கு வகைக் கருவிகளைத் தம் நூலில் வரைந்து காட்டினார். பல்லின் உட்புறத்துக்கு ஒன்று, வெளிப்புறத்துக்கு வேறொன்று, இடைவெளிக்கு மற்றொன்று. ஒரே அமர்விலே காரை முற்றும் நீங்காவிடின் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தொடர்ந்து செய்க என்றும் எழுதினார். ஆயிரம் ஆண்டுக்கு முன்னர் எழுதப்பட்ட அவ்விதியை இன்றைய அவசரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க என் மனம் அடிக்கடி விழைவதுண்டு.

1683ஆம் ஆண்டில் ஒல்லாந்த தேசத்து லேவன்ஹூக் என்பார், தம் பல்லிடுக்கிலிருந்து வெண்மையான ஊத்தையைச் சிறிது எடுத்துத் தாமே செய்த உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். எண்ணற்ற சிற்றுயிர்கள் அங்கே துள்ளித் திரிந்தன. இத்தனைக்கும் அவர் நாள்தோறும் உப்பினாற் பல் தேய்ப்பவர், என் பாட்டியாரைப் போலவே. மன்னார்க் கோட்டை அப்போது அவர் நாட்டவர் கையிலேதான் இருந்தது.

இனிப் பாடசாலைக்கு வருவோம். முதலாம் உலகப் போருக்குப் படை திரட்டியபோது, நியூசிலாந்து இளைஞருட் பலருடைய பற்கள் மிகக் கெட்டிருந்தமை வெளிப்பட்டது. அதனால் 1921ஆம் ஆண்டிலே தோமஸ் ஹன்டர் என்பவரின் முயற்சியால், இளம்பெண்களை இரண்டாண்டு பயிற்றிப் பாடசாலைப் பற்றாதியராக அனுப்பும் திட்டம் அங்கே தொடங்கிற்று. பல் வைத்தியர் ஒருவரை உருவாக்கும் செலவிற் சிறு பங்கே இதற்குப் போதுமாயிற்று. பாடசாலை வளவிலேயே சிறு சிகிச்சைக்கூடம். ஆறு மாதத்துக்கொருமுறை ஒவ்வொரு பிள்ளைக்கும் பரிசோதனை. பிள்ளைகள் அக்கூடத்துக்குக் 'கொலைவீடு' என்று பெயரிட்டிருந்தனராம்! 1951இல் நடைமுறைக்கு வந்த கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் துணையோடு அம்முறை இலங்கைக்கு வந்தது. மகரகமவிலே பற்றாதியர் பயிற்சிக் கல்லூரி அமைந்தது.

அப்பயிற்சி பெற்ற ஒருவரை நான் நாலாம் வகுப்பிலே கண்டேன். வெண்ணிற உடை, கையிலே சிறு கண்ணாடி. பயத்தால் நான் வாயை மூடிக்கொள்ள, "தம்பி, கடிச்சுப்போடாதையும்" என்று சிரித்தார். ஒவ்வொரு பல்லாக எண்ணி அட்டையிற் குறித்தார். இரண்டு பற்களை அடைத்தார். அவற்றுள் ஒன்று இன்றும் என் வாயில் இருக்கின்றது. நான் கட்டிய கட்டணம் ஏதுமில்லை. நடந்த தூரமும் வகுப்பிலிருந்து மண்டபம்வரை மாத்திரமே.

பின்னர் வந்த காலம் வேறு. 1990இலே தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறிச்சோடின. பாடசாலைகள் அகதிகளின் தங்குமிடங்களாயின. உயிரைக் காக்க ஓடுபவர் பல்லை நினைப்பதில்லை. புகையிரதம் 2015இல் மீண்டும் வந்தது. இழந்த பற்கள் வரவில்லை.

அமைதி திரும்பிய பின்னர், நான் ஆசிரியனாகப் பணியாற்றிய ஓரிடத்திலே பற்பரிசோதனை ஒன்று நடந்தது. நாற்பது பிள்ளைகள், அரை மணி நேரம். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு பிள்ளைக்கு நாற்பத்தைந்து விநாடி. இருபத்தெட்டுப் பல்லுள்ள பிள்ளையாயின் ஒரு பல்லுக்கு இரண்டு விநாடியும் கிட்டாது. முரசைத் தொட்டுப் பார்த்தார் எவருமில்லை. பதிவேட்டிலோ "பரிசோதிக்கப்பட்டது" என்று நாற்பது பெயருக்கு எதிரிலும் எழுதப்பட்டது. வந்தவர்களைக் குறை சொல்லேன். அன்று அவர்கள் வேறு இரு பாடசாலைகளுக்கும் போகவேண்டியிருந்தது. ஆனால் அதனைப் பரிசோதனை என்று அழைக்க என் நா கூசுகின்றது.

பல்லைத் துப்புரவு செய்யாதே விட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் அறிந்த கதை, எம் நாட்டிலேயே, எம் மொழி பேசும் மக்களின் வாயிலேயே எழுதப்பட்டது. நோர்வே நாட்டிற் பிறந்த ஹரால்ட் லோ என்னும் பேராசிரியர் 1965இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நலமான முரசுடைய பன்னிருவர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரத்துக்குள் எல்லார்க்கும் முரசு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கவே மாறிற்று. அடுத்து அவர் நீண்டதோர் ஆய்வை மேற்கொண்டார். ஒருபுறம் ஒஸ்லோ நகரத்து மாணவரும் கல்விமான்களும். மறுபுறம் 1970 முதல் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர். இம்மக்களின் முன்னோர் பலர் தமிழகத்திலிருந்து கடல் கடந்து எம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளை நோக்கிச் சென்றவர்கள்; வழியிலே கொள்ளைநோயால் மாண்டவர் போக எஞ்சியோர். அத்தோட்டங்களில் பற்சிகிச்சை இல்லை, தூரிகையும் இல்லை. சூத்தைப் பல்லும் அரிதாகவே காணப்பட்டது. ஆனால் எல்லார் வாயிலும் ஊத்தையும் காரையும் நிறைந்திருந்தன.

பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தபின் 1986இல் முடிவு வெளிவந்தது. ஏறக்குறைய எட்டு வீதத்தினர்க்கு முரசும் எலும்பும் விரைந்து அழிந்தன. நாற்பத்தைந்து வயதளவில் அவர்கள் பற்களை முற்றாக இழந்தனர். எண்பத்தொரு வீதத்தினர்க்கு நோய் மெல்ல முன்னேறிற்று. எஞ்சிய பதினொரு வீதத்தினர்க்கோ அதே ஊத்தை, அதே காரை. ஆயினும் அழற்சிக்கு அப்பால் நோய் வளரவில்லை. எல்லார்க்கும் ஒரே அளவான சிகிச்சை பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பல்வைத்திய உலகு போற்றும் ஆய்வு இது. நானும் மதிக்கின்றேன். எனினும் நோயின் இயல்பான போக்கை அறிவதே அதன் நோக்கம் என்பதையும், அப்போக்கைத் தம் வாயிலே சுமந்தவர்கள் யாவர் என்பதையும் நினைக்குந்தோறும் நெஞ்சு உறுத்துகின்றது.

ஆறு மாதத்துக்கொருமுறை என்னும் வழக்கமாவது ஆதாரமுடையதா? 1977இலே ஒப்ரி ஷைஹாம் என்னும் ஆங்கில நாட்டுப் பேராசிரியர் 'லான்செற்' இதழில் இதே வினாவை எழுப்பி, அறிவியல் அடிப்படை போதாது என்றார். தொழில்துறையினர் பலர்க்கு அது கசந்தது. 2004இல் பிரித்தானிய வழிகாட்டி நெறி ஒன்று, ஆளுக்கு ஆள் வேறாக மூன்று மாதம் முதல் இரண்டாண்டுவரை இடைவெளி இருக்கலாம் என வகுத்தது. அங்கே 2018இல் வெளிவந்த பேராய்வு, வழக்கமாகச் சுரண்டி மெருகிடுவோர்க்கும் அதனைச் செய்யாதோர்க்கும் மூன்றாண்டில் முரசு நலத்தில் வேறுபாடு காணவில்லை. 2020இல் வந்த மற்றொன்று, நோயபாயம் குறைந்தவர்கள் இரண்டாண்டுக்கொருமுறை சென்றாலும் கேடில்லை என்று கண்டது.

இவற்றைக் காட்டி, "பார்த்தீரா, போகத் தேவையில்லை" என்று என் நண்பர் ஒருவர் வாதிட்டார். அவர் ஒன்றை மறந்தார். அவ்வாய்வுகளில் அமர்ந்தவர்கள் ஒழுங்காகப் பல்வைத்தியரிடம் செல்பவர்கள். ஆண்டுக்கு இருமுறை செல்பவன் ஒருமுறையைக் குறைப்பது வேறு. ஆயுளில் ஒருமுறையும் செல்லாதவன் செல்லாதிருப்பது வேறு. மேலும் எம் மக்களிடம் வெற்றிலை உண்டு. பாக்கும் புகையிலையும் உண்டு. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் புற்றுநோய்களுள் முன்னிற்கின்றது. பாக்கு தானே புற்றுநோய் விளைப்பது என்பதை 2004இலே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதிசெய்தது.

இங்கே என் தாய்மாமனாரைப் பற்றிச் சொல்லாதிருக்க இயலவில்லை. இடையறாது வெற்றிலை போடுபவர். தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றிலே பணம் கொடுத்துப் பல் துப்புரவு செய்வித்தார். பற்கள் பளிச்சென்றிருந்தன, எமக்கெல்லாம் சிரித்துக் காட்டினார். கன்னத்தின் உட்புறத்திலிருந்த வெண்படையை அங்கே எவரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் சொல்லவில்லை. பதினான்கு மாதத்தின்பின் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அவரை நானே அழைத்துச் சென்றேன். அப்போது காலம் கடந்திருந்தது. நாவைத் தூக்கி அதன் அடியையும், கன்னங்களின் உட்புறத்தையும் ஒளியிலே பார்க்க இரண்டு மணித்துளி போதும். அதற்குக் கருவியும் வேண்டா.

அவ்வேலையைப் பல்வைத்தியர்தாம் செய்யவேண்டுமென்பதும் இல்லை. 1980களின் முற்பகுதியிலே சமன் வர்ணகுலசூரிய முதலானோர் இலங்கையிற் செய்து காட்டினர். பயிற்றப்பட்ட 34 கிராமச் சுகாதார ஊழியர், தம் வழமையான பணியோடு ஓராண்டில் இருபத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரின் வாயைப் பார்த்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் ஐயத்துக்குரிய மாற்றங்களைக் கண்டனர். ஆனால் மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோரில் ஏறக்குறையப் பாதிப்பேரே வந்தனர். அங்கும் கட்டணம் கேட்டவர் இல்லை. வராத மற்றைப் பாதிப்பேரும் ஒருநாட் கூலியையும் பஸ்ஸையும் எண்ணியிருப்பர் என்றே நான் கருதுகின்றேன்.

அத்தந்தையாரிடம் திரும்புவோம். கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையிற் போகலாமே என்றால், அன்று சிகிச்சைப் பிரிவு மூடியிருக்கும். காற்றுக் கடுமையாயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை படகுகள் இறங்கவில்லை. கடிதம் ஒன்று எழுதிக்கொடுத்து அனுப்பினேன். மறுநாள் மகனோடு வந்தார்.

"பல்லைக் கழட்டயில்லை சேர். அடைக்கலாமெண்டு சொல்லி மருந்து வைச்சவை. பிறகு என்ர வாயைத் திறக்கச் சொல்லி லைற் அடிச்சுப் பாத்தவை. வெத்திலையை விடச் சொல்லிச்சினம். எனக்கும் வாற கிழமை வரட்டாம்." சற்றுப் பொறுத்து, "எனக்கு ஒரு நோவும் இல்லை. போகவேணுமோ, சேர்?" என்று கேட்டார்.

என் மாமனாரைப் பற்றி அவரிடம் சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கு மற்றொரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன்.